மூன்று வடிவம், ஒரே பயணம்: வெளிநாட்டில் அணிகள் எங்கே கோட்டை விடுகின்றன?

கேள்வி இதுதான்: ஒரே சுற்றுப்பயணத்தில் டி20, ஒருநாள், டெஸ்ட் மூன்றும் இருந்தால் வீரர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? எந்த வரிசையில் ஆடுவது நல்லது? வெள்ளைப் பந்தில் (டி20, ஒருநாள்) ஜெயித்த அணி, பத்தே நாளில் சிவப்புப் பந்தில் (டெஸ்ட்) ஏன் சுருண்டு விழுகிறது?

டிவியில் நாம் பார்ப்பது பதினொரு பேரை. பயணத்தின் தலையெழுத்தை எழுதுவது பெரும்பாலும் பன்னிரண்டாவது ஆளிலிருந்து இருபதாவது ஆள் வரை இருப்பவர்கள். வெள்ளைப் பந்து ஆட்டங்கள் நடக்கும்போதே, பக்கத்து மைதானத்தில் டெஸ்ட் வீரர்கள் எவ்வளவு சிவப்புப் பந்து வீசினார்கள், எவ்வளவு ஆடினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கேப்டன்சி, மன உறுதி போன்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதற்கு 2020-21 இந்திய அணியின் ஆஸ்திரேலியப் பயணத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 3 ஒருநாள், 3 டி20, 4 டெஸ்ட் என்று நவம்பர் 27 முதல் ஜனவரி 19 வரை நடந்தது. ஒருநாள் தொடர் 1-2 என்று கைவிட்டுப் போனது. டி20 தொடரை 2-1 என்று இந்தியா எடுத்தது. அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்டு, கடைசியில் டெஸ்ட் தொடரை 2-1 என்று வென்றது. அந்த 36-ஐயும் பிரிஸ்பேனில் நடந்த கடைசி டெஸ்டின் வெற்றியையும் எல்லோரும் பேசுகிறோம். கால அட்டவணையைப் பேசுபவர்கள் குறைவு.

டிசம்பர் 6-லும் 8-லும் சிட்னியில் டி20 ஆட்டங்கள் இருந்தன. சரியாக அந்த மூன்று நாளில், அதே ஊரின் டிரம்மோய்ன் ஓவலில் ரஹானே, புஜாரா உள்ளிட்ட டெஸ்ட் வீரர்கள் ஆஸ்திரேலியா ஏ அணியோடு (அந்நாட்டின் இரண்டாம்நிலை அணி) மூன்று நாள் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ரஹானே அதில் சதம் அடித்தார். 11 முதல் 13 வரை, பகலிரவு டெஸ்டுக்கான இளஞ்சிவப்புப் பந்தில் இன்னொரு பயிற்சி ஆட்டம். 17-ஆம் தேதி முதல் டெஸ்ட். பும்ராவும் ஷமியும் இரண்டாவது, மூன்றாவது டி20-இல் ஆடவில்லை. அதாவது ஒரே நேரத்தில் இரண்டு அணிகளை ஓட்டினார்கள். அப்படியும் அடிலெய்டு இரண்டாவது இன்னிங்ஸில் 36 தான். ஹேசல்வுட் 8 ரன் கொடுத்து 5 விக்கெட், கம்மின்ஸ் 21-க்கு 4. நல்ல தயாரிப்பு இருந்தாலும் ஒரு மோசமான மணி நேரம் வரலாம். ஆனால் தயாரிப்பு இருந்தால்தான் அதற்குப் பிறகு எழுந்து நிற்க முடியும்.

ஆட்களின் எண்ணிக்கை முக்கியம் என்பதற்கும் அதே பயணம்தான் சாட்சி. அடிலெய்டில் கம்மின்ஸ் பந்து பட்டு ஷமியின் கை முறிந்தது. மெல்பர்னில் உமேஷ் யாதவுக்குக் கெண்டைக்கால். சிட்னியில் ஜடேஜாவுக்குக் கட்டைவிரல், பும்ராவுக்கு அடிவயிற்றுத் தசை. கோலி முதல் டெஸ்டோடு ஊர் திரும்பிவிட்டார். நான்கு டெஸ்டிலும் ஆடிய இந்தியர்கள் ரஹானேவும் புஜாராவும் மட்டுமே. மொத்தம் 20 பேர் களமிறங்கினார்கள். பிரிஸ்பேனில் பந்து வீசிய ஐந்து பிரதானப் பந்துவீச்சாளர்களின் முந்தைய டெஸ்ட் அனுபவத்தைக் கூட்டினால் நாலே நாலு ஆட்டம்: சிராஜ் இரண்டு, சைனி ஒன்று, ஷர்துல் ஒன்று. அந்த ஒன்றிலும் ஷர்துல் 10 பந்து வீசியதும் காயத்தோடு வெளியேறியவர். நடராஜனுக்கும் வாஷிங்டன் சுந்தருக்கும் அதுதான் முதல் டெஸ்ட். சைனியும் முதல் இன்னிங்ஸில் 7.5 ஓவரோடு தொடையிடுக்கைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் முதலில் நெட் பவுலராக, அதாவது வலைப்பயிற்சியில் மட்டும் பந்து வீசுபவராகப் போனவர். வருண் சக்ரவர்த்திக்குத் தோள்பட்டைக் காயம் என்பதால் டி20 பட்டியலுக்குள் வந்தார். டிசம்பர் 2-இல் கான்பெராவில் ஒருநாள், 4-இல் டி20, ஜனவரி 15-இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று 44 நாளில் மூன்று வடிவத்திலும் அறிமுகம். சுந்தர் டி20 முடிந்ததும் ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டியவர். நெட்டில் வீசுவதற்காக நிறுத்திவைத்தார்கள். 2017-க்குப் பிறகு முதல்தர ஆட்டமே ஆடாதவர் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்தார், 62 ரன் அடித்தார், ஷர்துலோடு ஏழாவது விக்கெட்டுக்கு 123 சேர்த்தார். இதை அதிர்ஷ்டம் என்று சொல்வார்கள். தனிமைப்படுத்தல் கட்டாயமாக இருந்த காலம் அது. ஊரிலிருந்து ஒருவரை வரவழைத்தால் 14 நாள் போய்விடும். அதனால்தான் இருப்பவர்களை விடாமல் வைத்திருந்தார்கள். இக்கட்டில் எடுத்த முடிவு, ஆனால் சரியான முடிவு. வழக்கமான காலத்தில் வெள்ளைப் பந்து முடிந்த மறுநாளே பாதிப் பேரை விமானம் ஏற்றி அனுப்பிவிடுவது என் பார்வையில் தவறு. குறைந்தது இரண்டு வேகப்பந்து வீச்சாளர்களையும் பேட்டிங் தெரிந்த ஒரு சுழற்பந்து வீச்சாளரையும் முதல் டெஸ்ட் முடியும்வரையாவது நிறுத்திவைக்க வேண்டும்.

இப்போது வேகப்பந்து வீச்சாளரின் கணக்குக்கு வருவோம். பயணம் குலைவது பெரும்பாலும் இங்கேதான்.

வாரத்துக்கு இரண்டு டி20 ஆடும் ஒருவர் ஆட்டத்தில் வீசுவது 48 பந்து. நெட்டையும் சேர்த்தால் வாரத்துக்குச் சுமார் 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வாரம் இப்படியே போகிறது. ஐந்தாவது வாரம் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் 25 ஓவர், இரண்டாவதில் 15 ஓவர் என்றால் 240 பந்து. அதற்கு முந்தைய இரண்டு நாள் நெட்டில் ஒரு 50. ஆக 290. முந்தைய நான்கு வாரச் சராசரியால் வகுத்தால் 1.9-க்கு மேல். இந்த விகிதம் 0.8-க்கும் 1.3-க்கும் இடையில் இருப்பது பாதுகாப்பு, 1.5-ஐத் தாண்டினால் காய ஆபத்து ஏறுகிறது என்பது உடற்பயிற்சியாளர்கள் பரவலாகப் பின்பற்றும் கைக்கணக்கு. இது வேதவாக்கு இல்லை, இதன்மேல் விமர்சனங்களும் உண்டு. ஆனாலும் திடீர் ஏற்றம் உடம்புக்கு ஆகாது என்ற அளவில் சரி.

தீர்வு எளிது, செயல்படுத்துவதுதான் கடினம். முதல் வாரம் 150, அடுத்து 180, 210, 240 என்று படிப்படியாக ஏற்றினால் சராசரி 195 ஆகிறது. 290-ஐ 195-ஆல் வகுத்தால் 1.49. அதே டெஸ்ட், அதே 290 பந்து, ஆனால் உடம்புக்கு வேறு செய்தி. இந்தக் கூடுதல் பந்துகளை எங்கே வீசுவது? டி20 ஆட்டம் முடிந்த மறுநாள் காலை, மற்றவர்கள் ஓய்வெடுக்கும்போது, சிவப்புப் பந்தில், ஆறாறு ஓவராக இரண்டு ஸ்பெல் (ஒருவர் ஒரு தடவையில் தொடர்ந்து வீசும் ஓவர்கள்). ஒரேயடியாக 12 ஓவர் வீசுவதைவிட, இடையில் 40 நிமிடம் உட்கார்ந்து எழுந்து வீசுவது நல்லது. டெஸ்டில் இரண்டாவது ஸ்பெல்லுக்கு உடம்பு ஆறிப்போய் வரும்போதுதான் தசை பிடிக்கிறது. மறுபக்கம், ஓய்வு என்ற பெயரில் மூன்று வாரம் பந்தையே தொடாமல் இருப்பதும் ஆபத்துதான். சராசரி கீழே போய்விட்டால் சாதாரண டெஸ்ட் கூட மலையாகத் தெரியும்.

2025 இங்கிலாந்துத் தொடரில் பும்ரா ஐந்தில் மூன்று டெஸ்ட்தான் ஆடுவார் என்று முன்கூட்டியே முடிவெடுத்திருந்தார்கள். அதற்கு எவ்வளவு திட்டு! ஐந்திலும் ஆடிய சிராஜ் 185 ஓவருக்கு மேல் வீசி 23 விக்கெட் எடுத்தார், அதைக் காட்டி பும்ராவைக் கேலி செய்தார்கள். இரண்டு உடம்பும் ஒன்றில்லை. முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கும் மற்றவருக்கும் ஒரே கணக்குப் போட முடியாது.

பந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்வதேச ஆட்டங்களில் வெள்ளைப் பந்து எந்த நாட்டில் ஆடினாலும் கூக்கபுரா நிறுவனத்தின் பந்துதான். சிவப்புப் பந்து நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்தில் கூக்கபுரா, இங்கிலாந்திலும் வெஸ்ட் இண்டீஸிலும் டியூக்ஸ், இந்தியாவில் எஸ்ஜி. டியூக்ஸ் கையால் தைத்தது, தையல் புடைத்து நிற்கும், ஐம்பது ஓவர் ஆனாலும் அசையும். கூக்கபுராவில் தையல் சீக்கிரம் தட்டையாகிவிடும். முதல் இருபது, இருபத்தைந்து ஓவருக்குள் விக்கெட் எடுக்கவில்லை என்றால் 80 ஓவர் முடிந்து புதுப் பந்து வரும்வரை பொறுமைதான் ஆயுதம். இங்கிலாந்தில் வெள்ளைப் பந்தில் ஒரு மாதம் ஆடிவிட்டு “சூழலுக்குப் பழகிவிட்டோம்” என்று பேட்டி கொடுப்பதில் பாதிதான் உண்மை. குளிருக்கும் வெளிச்சத்துக்கும் பழகியிருப்பார்கள். பந்துக்குப் பழகியிருக்க மாட்டார்கள். 2018-இல் இந்தியா டி20-யில் 2-1 என்று வென்று, ஒருநாளில் 1-2 என்று தோற்று, பிறகு டெஸ்டுக்குப் போனது. இடையில் எசெக்ஸ் அணியோடு செம்ஸ்ஃபோர்டில் நான்கு நாள் ஆட்டம் இருந்தது. அதை மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டார்கள். எட்ஜ்பாஸ்டனில் 31 ரன்னில் தோல்வி, லார்ட்ஸில் இன்னிங்ஸ் தோல்வி, தொடர் 4-1. அந்த ஒரு நாளால்தான் தோற்றார்கள் என்று சொல்ல வரவில்லை. 31 ரன்னில் தோற்ற அணிக்கு ஒரு நாள் பயிற்சி சும்மா போகிற விஷயமும் இல்லை.

பேட்ஸ்மேன் மாற்றிக்கொள்ள வேண்டியது மட்டையின் வேகத்தைவிட முடிவெடுக்கும் பழக்கத்தை. வெள்ளைப் பந்தில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வரும் லெங்த் பந்து ரன் வாய்ப்பு. சிவப்புப் பந்தில் அதே பந்து விடவேண்டிய பந்து. கை தானாகப் பந்தை நோக்கிப் போகிறது, ஸ்லிப்பில் கேட்ச். எட்டு முதல் பத்து நாள் வேண்டும் இதற்கு. சைடு-ஆர்ம் (பந்தை வேகமாக எறிய உதவும் நீண்ட கைப்பிடிக் கருவி) வைத்து வீசச் சொல்லி, ஒரு செஷன் முழுக்க எத்தனை பந்தைச் சரியாக விட்டார் என்று மட்டும் எண்ணுவது பலன் தரும் பயிற்சி. உயரமாக எழும் ஆடுகளம் என்றால் 22 கஜத்துக்குப் பதில் 16, 18 கஜத்திலிருந்து எறிய வைக்கலாம்.

நெட் ஆடுகளத்தை நம்பிவிடக் கூடாது. 2024 டிசம்பரில் மெல்பர்ன் டெஸ்டுக்கு முன்பு இந்திய அணிக்குக் கிடைத்த பயிற்சி ஆடுகளங்களில் பந்து தாழ்வாக வந்தது, பெரிய பேச்சானது. டெஸ்டுக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் புது ஆடுகளம் தருவது தங்கள் வழக்கம் என்று மைதானப் பராமரிப்பாளர் விளக்கினார். அவர் சொன்னதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. என்றைக்கு வந்து இறங்குவோம், எந்த ஆடுகளம் வேண்டும் என்பதை இரு வாரியங்களும் பயணத்தை ஒப்புக்கொள்ளும்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் அது.

வரிசை விஷயத்தில் எனக்குத் தெளிவான பட்சம் உண்டு. வெள்ளைப் பந்து முதலில் வருவது நல்லதுதான், ஆனால் ஒரு நிபந்தனை: டெஸ்ட் வீரர்கள் அந்த நாட்களில் வேறெங்காவது நான்கு நாள் ஆட்டம் ஆட வேண்டும். இல்லையென்றால் அந்த வரிசையால் லாபமே இல்லை. 2023-24 தென்னாப்பிரிக்கப் பயணத்தைப் பாருங்கள். டி20-க்கு சூர்யகுமார், ஒருநாளுக்கு ராகுல், டெஸ்டுக்கு ரோஹித் என்று மூன்று கேப்டன்கள். டி20 1-1, ஒருநாள் 2-1. கடைசி ஒருநாள் டிசம்பர் 21, முதல் டெஸ்ட் 26. ரோஹித், கோலி, பும்ரா மூவரும் வெள்ளைப் பந்து ஆட்டங்களில் இல்லை. நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்குப் பிறகு அவர்களுக்கு சர்வதேச ஆட்டமே கிடையாது. அணி கடைசியாக டெஸ்ட் ஆடியது ஜூலையில். பும்ராவோ 2022 ஜூலைக்குப் பிறகு டெஸ்ட்டே ஆடவில்லை. தங்களுக்குள்ளேயே பிரிந்து ஆடிய ஒரு பயிற்சி ஆட்டம்தான் தயாரிப்பு. செஞ்சூரியனில் மூன்றே நாளில் இன்னிங்ஸ் மற்றும் 32 ரன் தோல்வி. ராகுல் மட்டும் 101. தங்களுக்குள் ஆடும் ஆட்டத்தில் அவுட் ஆனவர் மறுபடி வந்து ஆடலாம், களைத்தவர் போய் உட்காரலாம். அதில் உடம்பு பழகும், பயம் பழகாது.

அடுத்த டெஸ்ட் கேப்டவுனில். சிராஜ் 15 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து தென்னாப்பிரிக்காவை 55-இல் சுருட்டினார். பதிலுக்கு இந்தியா 153-க்கு 4 என்ற நிலையிலிருந்து ஒரு ரன்கூடச் சேர்க்காமல் 153-க்கு ஆல் அவுட். மொத்தம் 642 பந்தில் முடிந்தது, முடிவு கிடைத்த டெஸ்ட்களில் மிகக் குறுகியது. இந்தியா 7 விக்கெட்டில் வென்று தொடரை 1-1 ஆக்கியது. ஆடுகளத்துக்கு ஐசிசி திருப்தியில்லை என்று மதிப்பெண் போட்டது.

டெஸ்ட் முதலில் வந்தால் வேறு சிக்கல். 2021 தொடக்கத்தில் இங்கிலாந்து இந்தியாவுக்கு வந்தபோது சென்னையில் டெஸ்டோடு ஆரம்பித்து, அகமதாபாத்தில் 5 டி20, புனேயில் 3 ஒருநாள் என்று முடித்தது. வீரர்கள் களைத்துவிடக் கூடாதென்று முறைவைத்து ஊருக்கு அனுப்பினார்கள். முதல் டெஸ்டை வென்றதும் பட்லர் கிளம்பினார். இரண்டாவது டெஸ்டில் 8 விக்கெட் எடுத்த மொயின் அலியும் அதோடு போனார். அந்த ஆட்டத்தில் 317 ரன் தோல்வி, தொடர் 3-1. ஓய்வு கொடுக்கும் கொள்கையில் தவறில்லை, ஒரு வீரர் சரியாகப் பிடித்துக்கொண்ட வாரத்தில் அவரை அனுப்புவதுதான் தவறு. நாள்காட்டியைப் பார்த்து ஓய்வு கொடுத்தார்கள், ஆடுகளத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இனி சின்ன விஷயங்கள் சில, வேகமாக. நேர வித்தியாசத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாள் என்பது கைக்கணக்கு. இந்தியாவிலிருந்து கோடைகாலச் சிட்னி ஐந்தரை மணி நேரம் முன்னால், நியூசிலாந்து ஏழரை, டிரினிடாட் ஒன்பதரை பின்னால். கிழக்கே போவது உடம்புக்குக் கூடுதல் கஷ்டம், தூக்கம் வரும் முன்பே படுக்க வேண்டியிருக்கும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்று மெலிது, அடித்த பந்து பறக்கும், நீண்ட ஸ்பெல்லில் மூச்சு வாங்கும், அங்கே ஐந்து ஓவருக்குப் பதில் நான்கு ஓவர் ஸ்பெல் போதும். வெலிங்டனில் காற்றோடு வீசுபவர் யார், காற்றை எதிர்த்து வீசுபவர் யார் என்பதை முந்தைய நாளே முடிவு செய்துவிட வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் விமான நிலையத்தில் உயிரியல் பாதுகாப்புச் சோதனை கடுமை. ஷூ ஸ்பைக்கில் ஒட்டிய மண்ணோடு போய் இறங்கினால் பை சோதனை மேசைக்குப் போகும், எனவே ஊரிலேயே கழுவிக் காயவைத்துப் போட வேண்டும்.

விதிகளும் வடிவத்துக்கு வடிவம் மாறும். டெஸ்டில் இன்னிங்ஸுக்கு மூன்று ரிவ்யூ (நடுவர் முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்பது), வெள்ளைப் பந்தில் இரண்டு. ஓவர் வேகத்துக்கு வெள்ளைப் பந்தில் தண்டனை அங்கேயே: கடைசி ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே ஒரு ஃபீல்டர் குறைவு. டெஸ்டில் தண்டனை பல மாதம் கழித்து வலிக்கும். 2020 டிசம்பர் மெல்பர்ன் டெஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு இரண்டு ஓவர் தாமதத்துக்காக 4 புள்ளி போனது. 2021 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்துக்குப் போகும் இடத்தை நியூசிலாந்திடம் மயிரிழையில் இழந்ததற்கு அந்த 4 புள்ளியும் காரணம். தலையில் அடிபட்டால் மாற்று வீரர் என்ற விதி 2019-இல் வந்தது. 2020 கான்பெரா டி20-யில் ஜடேஜாவுக்குப் பதிலாக வந்த சாஹல் 3 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். அதே மாதிரியான வீரர்தான் வர வேண்டும், ஒப்புதல் ஆட்ட நடுவருடையது. எனவே வெளியே உட்கார்ந்திருப்பவர்களில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள் இருக்கிறாரா என்று டாஸுக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெண்கள் கிரிக்கெட்டில் சில தொடர்களில் மூன்று வடிவத்தையும் சேர்த்து ஒரே கோப்பைக்கு ஆடுகிறார்கள். ஆஷஸில் டெஸ்ட் வெற்றிக்கு 4 புள்ளி, ஒருநாளுக்கும் டி20-க்கும் தலா 2. 2025-இல் ஆஸ்திரேலியா 16-0 என்று எல்லாவற்றையும் அள்ளியது. 2021-இல் இந்தியப் பெண்கள் அணி ஆஸ்திரேலியாவில் 5-11 என்று தோற்றாலும், கராராவில் நடந்த பகலிரவு டெஸ்டில் மந்தனா 127 அடித்தார். ஆண்கள் தொடருக்கும் இப்படிப் புள்ளி வைத்தால், வெள்ளைப் பந்து ஆட்டங்களில் இரண்டாம்தர அணியை இறக்கும் பழக்கம் குறையும்.

அடுத்த பயண அட்டவணை வந்தால் எத்தனை ஆட்டம் என்று எண்ணுவதோடு விட்டுவிடாதீர்கள். கடைசி வெள்ளைப் பந்து ஆட்டத்துக்கும் முதல் டெஸ்டுக்கும் நடுவே எத்தனை நாள் என்று பாருங்கள். பிறகு, ஏ அணி அதே நாட்டில் அதே நேரத்தில் இருக்கிறதா, முன்னணி டெஸ்ட் வீரர்கள் யாராவது அதில் ஆடுகிறார்களா என்று பாருங்கள். 2025-இல் இந்தியா ஏ அணி கேன்டர்பரியிலும் நார்தாம்டனிலும் இங்கிலாந்தின் ஏ அணியான லயன்ஸோடு இரண்டு நான்கு நாள் ஆட்டம் ஆடியது. ராகுல் முன்கூட்டியே போய் நார்தாம்டனில் 116 அடித்தார். மூன்று வாரத்துக்குள் ஹெடிங்லி டெஸ்டில் 137. அந்த ஆட்டத்தில் இந்தியா ஐந்து சதம் அடித்தும் இங்கிலாந்து 371-ஐத் துரத்தி ஜெயித்தது வேறு கதை. அங்கே கோட்டை விட்டது கைநழுவிய கேட்ச்களிலும் பின்வரிசை பேட்டிங்கிலும்.